தேவகனியின் கொண்டை

இரணியல் ரசலையனின் தலையில் நெல்லிக்காய் அளவில் கட்டிகள். இருபது வருடமாகத் தலைப்பாகைக்குள் வளர்ந்தவை. வேதக்கோயிலில் ஜெபத்துக்குக்கூட அவர் தலைப்பாகையைக் கழற்ற மாட்டார். திமிர் என்று உபதேசியார் நினைத்துக்கொண்டார். ஆண்டவருக்கு விஷயம் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலில் ஒரு கட்டி புண்ணாகி ரத்தம் கசிந்தது. அதன் பிறகுதான் வில்வண்டி பூட்டி நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் செல்வதாஸ் தலையை மழித்துப் பார்த்தார்.

"இது புற்றுன்னா, உச்சந்தலைத் தோலை எலும்பு வரைக்கும் உரிச்சு எடுத்துட்டு, தொடைத் தோலை வச்சு ஒட்டணும். குடும்பத்துல வர்ற கட்டின்னா, பெருசை மட்டும் தோண்டி எடுத்தாப் போதும். உங்க வீட்டுல வேற யாருக்காவது உண்டா?"

"எங்க குடும்பத்துலயா? சேச்சே!" என்றார் ரசலையன். உயிரே போனாலும் குடும்ப மானம் போகக் கூடாதாம். தலையில் தோல் இருந்தால்தானே மானத்துக்குத் தலைப்பாகை கட்ட முடியும்? அதை யார் அவருக்குச் சொல்வது!

கட்டிலருகே நின்ற தங்கை தேவகனியும் வாய் திறக்கவில்லை. காரணம், மட்டி வாழைப்பழச் சீப்போடு நோயாளியைப் பார்க்க வந்திருந்த எலிசா. தேவகனியின் மகள் குளோரியை எலிசாவின் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதுதான் பாக்கி. சோற்றில் கல் தப்பினாலும் எலிசாவின் கண்ணுக்குப் பெண் வீட்டுக் குறை தப்பாது.

"அப்போ நாளைக்குத் தோலை எடுத்திருவோம்," என்று டாக்டர் கிளம்பினார்.

"நில்லும் டாக்டரே."

தேவகனி கொண்டையை அவிழ்த்தாள். ஊர்ப் பெண்கள் பொறாமைப்பட்ட கொண்டை அது. உள்ளே பாதி முடி, பாதி கட்டி.

"எங்க அப்பனுக்கும் உண்டு. எம்பது வயசு வரை இருந்தாரு. செத்தது இதுல இல்ல, சக்கப்பழம் தின்னு வயிறு ஊதி."

டாக்டர் புதையல் கண்டவர்போல அவள் தலையைத் தடவிப் பார்த்தார். "எல்லாம் ஒரே ரகம். பெருசை மட்டும் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவோம். மத்தத் தோல் இருக்கட்டும்."

எலிசா பழச்சீப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கல்யாணப் பேச்சு அதோடு முறிந்தது.

ரசலையன் மொட்டைத் தலையோடு குலுங்கிக் குலுங்கி அழுதார். "எனக்காவ பிள்ளைக்க கல்யாணத்தக் கெடுத்துட்டியேட்டி!"

"உமக்காவன்னு யாரு சொன்னா?" தேவகனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குளோரிக்கும் காதுக்குப் பொறத்த பயறு மாதிரி ஒண்ணு மொளச்சாச்சு, அண்ணே. நாளைக்கு இந்த டாக்டரு அவளுக்க தலையையும் உரிச்சிரப்பிடாதுல்லா."