தங்கவயல் ஸ்டோர் தூண்

எங்கள் கடையின் பெயர் தங்கவயல் ஸ்டோர். விற்பதென்னவோ ஆணியும் தாழ்ப்பாளும் பெயிண்டும்தான். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்துத் திரும்பிய சின்னக்கண்ணு, என் கணவரின் கொள்ளுத்தாத்தா, நெல்லித்தோப்பில் கட்டிய கட்டடம் அது. கீழே கடை, மாடியில் நாங்கள்.

கடை நடுவில் ஒரு மரத்தூண். அழகும் கிடையாது, ஜோடித் தூணும் கிடையாது. ஆனால் ஆயுத பூஜைக்கு முதல் பொட்டு அதற்குத்தான், தராசுக்குக்கூட அப்புறம்தான். தங்கம் தோண்டியவர் கும்பிட்ட தூணுக்கு அடியில் வேறென்ன இருக்கும்? இந்த வீட்டு ஆம்பளைகள் தலைமுறை தலைமுறையாக ரகசியமாகப் போட்ட கணக்கு இது. கடப்பாரையைக் கையிலெடுத்த முதல் மகராசன் என் கணவர் கலைச்செல்வன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விடாத மழை. ஷட்டரை இறக்கிவிட்டுத் தோண்டினார். நான் டார்ச் அடித்தேன். எனக்கும் ஆசைதான்.

முழங்கால் ஆழத்தில், தூணுக்கு அடியில், ஒரு பலகைக்கல் தட்டுப்பட்டது. "பொட்டி மூடி வினோ!" என்று நெம்பினார். தூண் ஒரு விரல் அளவு இறங்கியது. என் தலையில் சுண்ணாம்புத் தூள் கொட்டியது.

டார்ச்சை மேலே திருப்பினேன். தூண் தொடும் இடத்தில் உத்தரம் பிளந்திருந்தது. பழைய விரிசல், அதற்குள்ளும் வெள்ளையடித்திருந்தார்கள். ஆயுத பூஜையில் புதையலுக்கா பொட்டு வைப்போம்? வேலை செய்கிற சாமானுக்குத்தானே வைப்போம்!

"ஏங்க, வெளிய வாங்க. இதுதாங்க வீட்டத் தாங்கினு நிக்குது!"

அவர் வரவில்லை. சாயப் பார்த்த தூணைத் தோளால் அண்டக் கொடுத்து நின்றார்.

"மேல அம்மா தூங்குது. நீ போய் கூட்டினு வா. ஓடு!"

பின்பக்கப் படியேறி ஓடினேன். மாடித் தரை என் காலடியில் நடுங்கியது. என் மாமியார் பாக்யலட்சுமி எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைத் தேடினார்.

"கண்ணாடி அப்புறம் தேடலாம், வாங்க அத்தை!"

இழுத்துக்கொண்டு இறங்கி, பின்வாசலில் நின்று கத்தினேன். "வந்துட்டோம்! விட்டுட்டு வாங்க!"

மடமடவென்று சத்தம். வாசல் வழியே புழுதி வந்தது, அவர் வரவில்லை. செத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

பிறகு தவழ்ந்து வந்தார். வலது தோளில் தோல் இல்லை.

மாமியார் நடுத்தெருவில் மழையில் நின்று அழுதார். "தங்கமாடா தேடின? அந்தத் தாத்தா சுரங்கத்துல பாறை இடியாம மரமுட்டு குடுக்குற வேலைதான்டா பாத்தாரு. தங்கத்தக் கண்ணால கூட பாத்ததில்லையாம்."

"இத முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா?"

"யாருடா என்னக் கேட்டீங்க?"

இந்த வருஷம் ஆயுத பூஜை, ரெட்டியார்பாளையத்தில் வாடகைக் கடையில். குங்குமத்தோடு நின்ற என்னிடம், "தூண்தான் இல்லையே, முதல் பொட்டு எதுக்கு வப்ப?" என்றார் என் கணவர்.

சட்டையைக் கழற்றச் சொன்னேன். தழும்பேறிய அந்தத் தோளில் வைத்தேன்.