மூன்றாம் எண் வீட்டுத் தூண்

இன்ஜினியர் வருவதற்கு முந்தின நாள் ஏழாம் கட்டடம் முழுவதும் சுவருக்குப் பூசும் பட்டி மாவின் வாசனை அடித்தது. ஞாயிற்றுக்கிழமை. பதினாறு வீடுகளிலும் ஆளுக்கொரு தகட்டை வைத்துக்கொண்டு சுவர்க் கீறல்களை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படிச் செய்யுங்கள் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. செம்பூரில் அந்த வீட்டு வசதி வாரியக் காலனியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். கட்டடத்தைச் சோதிக்க வருகிறவர் ‘ரிப்பேர்’ என்று எழுதினால் பிழைத்தோம். ‘அபாயம்’ என்று எழுதிவிட்டால் முதலில் தண்ணீரை நிறுத்துவார்கள், அப்புறம் கரண்டை. பிறகு மூட்டையைக் கட்டிக்கொண்டு டிரான்சிட் கேம்ப் என்கிற தற்காலிகக் குடியிருப்புக்குப் போக வேண்டியதுதான். நான்காம் கட்டடத்துக்காரர்கள் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்படிப் போனார்கள். இரண்டே வருஷத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் அவர்களுக்கும் சொன்னார்கள். அந்தக் கட்டடம் இருந்த இடத்தில் இப்போது ஆள் உயரத்துக்குப் புல் நிற்கிறது.

காலனிக்காரர்கள் பரம ஏழைகள் இல்லை. பாங்க், ரயில்வே, பள்ளிக்கூடம் என்று வேலைக்குப் போகிறவர்கள். தாராவியிலிருந்தும் லேபர் கேம்பிலிருந்தும் ஏறி வந்தவர்கள் பாதிப்பேர். சொந்தக் குழாயும் சொந்தக் கக்கூஸும் உள்ள வீடு அவர்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவைதான் கிடைக்கும்.

மாரிசெல்வி வீட்டில் அடைப்பதற்குக் கீறலே இல்லை. தரைத்தளத்தில் மூன்றாம் எண். அவள் சயானில் ஒரு கல்லூரியில் பௌதிக லேப் உதவியாளர். கணவன் சுடலைக்கண்ணனுக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. மகன் புனேயில் படிக்கிறான்.

மேல்வீட்டு நஜ்முன்னிசா கை நிறைய வெள்ளையோடு வாசலில் வந்து நின்றாள்.

“மாரி, ஒங்கிட்ட பட்டி மிச்சம் கெடக்காடி? எங்க அடுக்களச் சொவரு ரெண்டு டப்பாவக் குடிச்சிட்டு இன்னும் தாகம்னு நிக்கி.”

“வாங்குனத அப்படியேதான் வச்சிருக்கேன் அக்கா. வாங்க, நானே பூசித் தாரேன்.”

நஜ்முன்னிசாவின் மகள் சாயிமா அடுக்களையில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். மே முதல் வாரத்தில் நீட் பரீட்சை. ஹாலில் டிவி ஓடும் என்பதால் சின்ன வயதிலிருந்தே படிப்பும் படுக்கையும் அவளுக்கு அடுக்களை மூலையில்தான்.

கட்டிலுக்கு மேலே, ஜன்னல் மூலையிலிருந்து சுவர் குறுக்காக வெடித்துத் தரைவரை இறங்கியிருந்தது. மாரிசெல்வி தகட்டை வைத்து அழுத்தினாள். பாதித் தகடு உள்ளே போய்விட்டது.

“இது எப்பலேர்ந்து அக்கா?”

“மழைக்கு முந்தி மயிரு மாதிரி இருந்துச்சு. இப்ப பல்லி போய் வருது.”

சாயிமா தரையில் ஒரு பென்சிலை வைத்தாள். அது தானாக உருண்டு மூலையில் போய் முட்டிக்கொண்டது.

“பாத்தீங்களா ஆன்ட்டி, எங்க வீட்லயே ஃப்ரீயா இன்க்ளைன்டு ப்ளேன். உங்க காலேஜ்ல இதுக்குத் தனியா பலகை வச்சிருக்கீங்க.”

நஜ்முன்னிசா சிரித்தாள். மாரிசெல்வி பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது முட்டி நின்ற இடத்துக்கு நேர் கீழே அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் இருந்தது.

அந்த ஃப்ரிட்ஜ் நிற்கும் இடத்தில் முன்பு தூண் முழுசாக இருந்தது.

பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு அவள் அப்பா லேபர் கேம்பிலிருந்து இரண்டு கதவு ஃப்ரிட்ஜ் ஒன்றைச் சீராக அனுப்பினார். தோல்பை தைத்துத் தைத்து முதுகு வளைந்த மனுஷன். தெருவில் யாரும் கொடுக்காத பொருளைத்தான் கொடுப்பேன் என்று நின்றார். வந்த ஃப்ரிட்ஜ் அடுக்களைக்குள் போகவில்லை. மூலையில் தூண் துருத்திக்கொண்டிருந்தது. மூன்று அங்குலம் இடித்தது. ஒரு மாதம் ஹாலில், வாசலுக்கு எதிரே நின்றது. வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். “பொருளு வாசலோட நின்னுட்டே, மருமவளாவது உள்ள வந்தாளா?” என்றாள் சுடலைக்கண்ணனின் அத்தை ஒருத்தி. மாற்றிச் சின்னதாக வாங்கலாம் என்றால் அப்பாவுக்குக் குறை. மாரிசெல்வி அழுதாள். சுடலைக்கண்ணன் கொத்தனாரைக் கூட்டி வந்தான்.

கொத்தனார் தூணை உளியால் செதுக்கினான். மறுநாள் கம்பி தெரிந்தது. ஒரு கம்பி குறுக்கே நின்றது. என்ன செய்ய என்று கேட்டான். சுடலைக்கண்ணன் அவளைப் பார்த்தான்.

“எடுத்துருங்க” என்றாள்.

மேலே டைல் ஒட்டினார்கள். ஃப்ரிட்ஜ் அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. அவள் அப்போதே பி.எஸ்சி. முடித்தவள். தூண் எதற்காக நிற்கிறது என்று தெரியாதவள் இல்லை. தெரிந்ததை அன்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு நினைத்தபோதெல்லாம் கட்டடம் நின்றுகொண்டிருந்தது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள்.

“நம்ம தூணுக்கு நேர் மேலதாங்க வெடிச்சிருக்கு.”

“அம்பது வருஷக் கட்டடம். வெடிக்காம பூக்கவா செய்யும்?”

“தரையே சாஞ்சிருக்கு. பென்சிலு உருளுது.”

“அதையும் லேபுல வச்சு அளந்து பாத்துட்டியோ?”

“நாம செஞ்சதுங்க அது.”

“நாமன்னு சொல்லாத. ஹாலுல நிக்கின்னு மூக்கச் சிந்துனது யாரு?”

அவன் தட்டில் கையைக் கழுவினான். குரலை இறக்கிக்கொண்டான்.

“இங்க பாரு. நாளைக்கு வருவான், நாலு தட்டு தட்டுவான், போவான். மூணு நாலு வருஷத்துல பில்டர் வந்தா எல்லாத்தையும் இடிச்சுப் புதுசாக் கட்டப் போறாவ. நீ வாயத் தொறந்தேன்னா பதினாறு குடும்பம் ரோட்டுல. நம்ம பையன் லீவுக்கு எங்க வருவான்? யோசிச்சுக்கோ.”

அவள் யோசித்தாள். இன்ஜினியர் தானாகவே கண்டுபிடித்துவிட்டால் நல்லது என்றும், கண்டுபிடிக்காமலே போய்விட்டால் நல்லது என்றும் மாறி மாறி யோசித்தாள். மேலே கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் பதினோரு மணிக்கு இன்ஜினியர் வந்தார். முப்பது வயதிருக்கும், மராட்டிக்காரர். கூட வந்தவர் சொசைட்டி செக்ரட்டரி பஞ்சாபகேசன். பாங்கில் இருந்து ரிட்டையரானவர், மூன்றாம் மாடி. தேய்த்த சட்டை போட்டு, ஃபைலை மார்போடு பிடித்திருந்தார்.

“அஞ்சு நிமிஷம்தாம்மா. ஒங்காத்துல என்ன இருக்கு, ஒரு கீறல்கூடக் கெடையாது. இவர்கிட்ட மொதல்லயே சொல்லிட்டேன், கிரவுண்ட் ஃப்ளோர்ல மூணாம் நம்பர் மாடல் ஹவுஸ்னு.”

இன்ஜினியர் ஹாலில் தட்டினார். கூரையைப் பார்த்தார். அடுக்களைக்கு வந்து ஃப்ரிட்ஜைக் காட்டி, பின்னால் என்ன என்று இந்தியில் கேட்டார்.

“சுவர்தான்” என்றார் பஞ்சாபகேசன்.

இன்ஜினியர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு திரும்பினார். வாசல்வரை போய்விட்டார். செருப்பை மாட்டக் குனிந்தார்.

“ஃப்ரிட்ஜை நகர்த்திப் பாருங்கள்” என்றாள் மாரிசெல்வி இந்தியில். அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள்.

“எதுக்கும்மா? வொயரெல்லாம் இழுபடும்” என்றார் பஞ்சாபகேசன்.

அவளே பிளக்கைப் பிடுங்கினாள்.

இன்ஜினியர் ஸ்க்ரூடிரைவரை டைல் இடுக்கில் வைத்ததும் டைல் தானாகவே கையோடு வந்தது. பின்னாலிருந்து துரு கருப்பட்டித் தூள்போல் கொட்டியது. அறுத்த கம்பியின் நுனி தெரிந்தது. மற்றக் கம்பிகள் அரித்துப் பாதியாகியிருந்தன. அவர் ஒரு கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மேலே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அந்த மூலையில் யாரும் இருக்கக் கூடாது, இப்போதே இறக்குங்கள் என்றார்.

“யாரு பண்ணினா இதை?” என்றார் பஞ்சாபகேசன்.

“நாங்கதான் மாமா. கல்யாணமான வருஷம்.”

அவர் ஃபைலை மூடினார். “எங்காத்துக்காரி நாலு வருஷமாப் படுக்கையில இருக்கா, தெரியுமோன்னோ ஒனக்கு?” என்றார்.

அன்று சாயங்காலமே அடுக்களையில் ஏழு இரும்பு முட்டுகளை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நான்காம் நாள் குழாயில் காற்று வந்தது.

யாரும் அவளைத் திட்டவில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருநாள் காலையில் வாசலில் யாரோ பட்டி டப்பாவைக் கவிழ்த்திருந்தார்கள். அவள் அதைச் சுரண்டி எடுத்தாள். சுடலைக்கண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தான்.

டிரான்சிட் கேம்பில் இடம் கொடுக்க வார்டு ஆபீஸ் ஆள் பட்டியலைப் படித்தார். மான்கூர்டு பக்கம் ஒரு கட்டடம். பதினைந்து பெயர்கள்தான் இருந்தன. மாரிசெல்விக்கு மேல்வீடான ஏழாம் எண் இன்னும் முதலில் ஒதுக்கீடு வாங்கிய யாரோ ஒருவர் பெயரில் இருந்தது. நஜ்முன்னிசாவின் கணவர் அப்துல் வாஹித் அவரிடமிருந்து ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கியவர். விற்கக் கூடாது என்று வாரியம் தடுத்திருந்த காலத்தில் விற்ற வீடு. அந்த மனிதர் இறந்து ஆறு வருஷம். வார்டு ஆபீஸ் ஆள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது செல்லாது என்றார். அப்துல் வாஹித் சரி என்று காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மாரிசெல்விக்கு இது அதுவரை தெரியாது. தெரிந்திருந்தால் இன்ஜினியரிடம் சொல்லியிருப்பாளா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏழாம் நாள் ஏழாம் எண் வீட்டுக்கு டெம்போ வந்தது. கல்யாண் ஊரில் இருக்கும் வாஹித்தின் தம்பி வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே ஏற்கெனவே ஆறு பேர். மாரிசெல்வி மேலே போனாள். கூப்பிடாமல்தான் போனாள். நஜ்முன்னிசா ஹாலில் பாத்திரங்களைப் பழைய புடவையில் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சுப் போட ஒரு கை தேவைப்பட்டது. மாரிசெல்வி உட்கார்ந்து துணியின் இரண்டு நுனியைப் பிடித்தாள். நஜ்முன்னிசா முடிந்தாள்.

“அக்கா, சாயிமா பரீட்ச முடியிற மட்டும் எங்கூட இருக்கட்டும். கல்யாண்லேர்ந்து கோச்சிங்குக்கு வர ரெண்டு மணி நேரம். மான்கூர்டுன்னா பக்கம்.”

“ஒன் வீட்டுலயா?” என்றாள் நஜ்முன்னிசா.

அடுத்த மூட்டைக்குத் துணியை விரித்தாள்.

“நீ அன்னைக்கு இன்ஜினியர்ட்ட சொன்னது சரிதான். சாயிமா வாப்பாவும் அதத்தான் சொல்லுதாங்க, அந்தப் புள்ள நம்ம உசுரக் காப்பாத்திருக்குன்னு. எனக்கும் அது தெரியும். வீடு போனதுக்கு நான் ஒன்ன ஒண்ணும் கேக்கல.”

“அக்கா.”

“சாயிமாவுக்கு நாப்பது கழிச்சுத் தொட்டில அந்த மூலையிலதான் கட்டினேன். நீதான் வந்து ஆட்டிவிட்டே. பாட்டெல்லாம் பாடினே. அப்ப எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா தொட்டில ஹாலுல கட்டியிருப்பேன். எனக்கு அவ்வளவுதான் மாரி.”

மாரிசெல்வி துணி நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நஜ்முன்னிசா அதை அவள் விரலிலிருந்து மெதுவாக விடுவித்து, தானே பல்லில் கடித்து முடிந்துகொண்டாள்.

கீழே சாயிமா டெம்போவின் முன் இருக்கையில் மடியில் புத்தகப்பையோடு இருந்தாள். மாரிசெல்வியைப் பார்த்தாள். கோபமாகத் தெரியவில்லை. தெரியாதவரைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள். அப்துல் வாஹித் மட்டும், “வரோம்மா” என்றார். நஜ்முன்னிசா பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். வண்டி கேட்டைத் தாண்டி சிக்னல் பக்கம் திரும்பியது.

வாசலில் சுடலைக்கண்ணன் நின்றான்.

“நம்ம வண்டி நாலு மணிக்கு” என்றான். ஒரு வாரத்தில் அவன் அவளிடம் பேசியது அதுதான்.

அவள் உள்ளே போய், முட்டுகளுக்கு இடையில் ஒதுங்கி நின்று, அலமாரியிலிருந்து டம்ளர்களை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தாள்.