பட்டியலில் இல்லாத வகை

முத்துகிருஷ்ணனைப் பழிவாங்கத்தான் அந்த வேலைக்கு ஒப்புக்கொண்டேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

2004-ல் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஐசக் சார் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். அங்கேயே ஜாவா படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவள் நான், நதியா. சாதிச் சான்றிதழ் அச்சடிக்கப் புரோகிராம் வேண்டும் என்று ஓர் அரசு அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். அங்கே குமாஸ்தா முத்துகிருஷ்ணன். என் தம்பி மணியை மூன்று வருஷம் நாயாக அலையவிட்டவர்.

நாங்கள் இருளர் பழங்குடி, ஏரிக்கரை ஓரம் குடியிருப்பு. மணி சான்றிதழ் கேட்டால், உன் தாத்தாவோட சான்றிதழைக் கொண்டு வா என்பாராம். தாத்தா கையில் எவன் காகிதம் கொடுத்தான்? போன வருஷம் பாலிடெக்னிக்கில் கிடைத்த இடம் இதனாலேயே போயிற்று. இந்த வருஷமும் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் கொடுக்காவிட்டால் அதுவும் போய்விடும்.

ஒரு மாதம் முத்துகிருஷ்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதினேன். மணியோடு பத்துத் தடவை அவர் முன்னால் நின்றவள்தான் நான். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தேன்.

என் புரோகிராமுக்கு எந்தச் சான்றிதழும் முன்கூட்டித் தெரியாது. ஓடும்போதுதான் விண்ணப்பத்தில் எழுதியிருக்கும் வகைப் பெயரைப் படிக்கும். அந்தப் பெயரில் ஒரு கிளாஸ், அதாவது அந்த வகைக்கென்று எழுதி வைத்த வார்ப்பு, இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அந்த நிமிஷமே அந்த வார்ப்பிலிருந்து ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கிச் சான்றிதழை அச்சடிக்கும். அவர் சொன்ன வகைக்கெல்லாம் கிளாஸ் எழுதிவிட்டு, பழங்குடிக்கும் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"அது வேணாம்மா. அதுக்குப் பெரிய ஆபீசர் கையெழுத்துப் போடணும். ஃபைலு அனுப்புனா கேள்வியா கேட்டுக்கினு இருப்பாங்க. யாருக்கு இந்தப் பேஜாரு?"

பட்டியலில் இல்லாத வகை வந்தால் என்ன செய்வது என்றேன். உன் இஷ்டம் என்றார். புரோகிராமுக்கான குறிப்புத் தாளில் அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டார். விண்ணப்பப் பதிவேட்டை ஒரு வரி விடாமல் ஏற்றச் சொன்னதும் அவர்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

என் இஷ்டத்துக்கு ஒரு கிளாஸ் எழுதினேன். அதற்கு 'நிலுவை' என்று பெயர் வைத்தேன். தெரியாத வகை வந்தால் இந்த ஆப்ஜெக்ட்தான் உருவாகும். விண்ணப்பித்தவர் பெயர், எத்தனை நாள் ஆயிற்று, யார் மேஜையில் கிடக்கிறது, மூன்றையும் அச்சடிக்கும்.

மணியின் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை, கோட்டாட்சியர் வசந்தகுமாரி புரோகிராமைப் பார்க்க வந்தார். பழங்குடிச் சான்றிதழில் கையெழுத்துப் போடவேண்டிய பெரிய ஆபீசர் அவர்தான். தானே எழுதியதுபோல முத்துகிருஷ்ணன் விளக்கினார். பதிவேடு மொத்தத்தையும் ஓட்டிக் காட்டச் சொன்னார் அந்த அம்மா. நான் என்டர் தட்டினேன். முதலில் சான்றிதழ்கள் வந்தன. அப்புறம் நிலுவைத் தாள்கள் வரத் தொடங்கின. நாற்பத்து மூன்று தாளிலும் ஒரே குமாஸ்தா பெயர். மணியின் தாளில் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு நாள்.

அந்த அம்மா ஒவ்வொன்றாகப் படித்தார். ஃபைல்களைக் கேட்டார். எல்லாம் முத்துகிருஷ்ணன் பீரோவில் ஒரே மூட்டையாகக் கிடந்தன. விசாரணை அறிக்கைகள்கூட என்றைக்கோ வந்து உள்ளேயே இருந்தன. அனுப்பாததுதான் பாக்கி.

முத்துகிருஷ்ணன் என் காதருகே குனிந்தார். "ரிட்டயர் ஆவ ஏழு மாசந்தான் கீது. பிரிண்டு தப்பா வந்துட்ச்சுன்னு ஒரு வார்த்த சொல்லும்மா."

சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். எனக்கு இரக்கமே வரவில்லை. "கரெக்டாதான் வந்துகீது சார். மணி எந்தம்பி," என்றேன்.

அங்கேயே பழங்குடிக்கும் ஒரு கிளாஸ் எழுதி நாற்பத்து மூன்று சான்றிதழையும் அச்சடித்தேன். கோட்டாட்சியர் அங்கேயே உட்கார்ந்து அத்தனையிலும் கையெழுத்துப் போட்டார். வீடு வீடாகப் போய் நீரே கொடுத்துவிட்டு வாரும் என்று முத்துகிருஷ்ணனிடம் சொன்னார்.

மறுநாள் உச்சி வெயிலில் முத்துகிருஷ்ணன் ஏரிக்கரைமேல் நடந்து வந்தார். முதல் வீடு எங்களுடையது. மணியிடம் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, நாக்கு வறண்டு போய்த் தண்ணீர் கேட்டார். மணி சொம்பை எடுத்தான். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"இன்னும் நாப்பத்திரண்டு வூடு கீது சார். போய்க் குடுத்துட்டு வாங்க."

தாகத்துக்குத் தண்ணீர் இல்லை என்பது பாவம் என்று மணி இன்றைக்கும் திட்டுகிறான். பாவமாகவே இருக்கட்டும். என் வயிறு அன்றைக்குத்தான் குளிர்ந்தது.