சபேலாவின் சிப்பியும் ஒரு கிருமியின் வம்சமும்

1

இந்தக் கதை சிப்பி வளர்க்கும் சபேலாவின் படகில், கயிற்றிலிருந்து சிப்பி உரிக்கும்போது எனக்குக் கிடைத்தது. அங்கே எல்லோரும் பேசுவார்கள். நான் பேசுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் வரி: "ஸ்பெயினின் கலிசியக் கடற்கரையில் ஒரு கல்யாணம்..."

வேண்டாம். கல்யாணம் முடிந்த பிறகுதான் கதையே. விருந்தில் சிப்பியும் நண்டும் பரிமாறினார்கள். மறுநாள் பாதி ஊருக்கு வயிற்றுப்போக்கு. சமைத்தவர் உணவுக்கடை ரொசெந்தோ. சிப்பி, கடலில் மிதக்கும் சபேலாவின் தெப்பத்திலிருந்து தொங்கும் கயிறுகளில் வளர்ந்தது.

2

"உன் சிப்பி ஊரையே கவுத்துடுச்சு, சபேலா!" என்றார் ரொசெந்தோ.

"என் சிப்பிக்கு வாய் இல்லண்ணே. அதான் உங்க வாய் இவ்ளோ நீளுது."

தெப்பத்துச் சிப்பியை விற்கத் தடை வந்தது. ஆய்வுக்கூடத்து உஷியா சிப்பியைச் சோதித்தாள். நோயாளிகளிடம் கண்ட அதே கிருமி அதிலும் இருந்தது.

[இங்கே சபேலாவை அழவைத்தேன். அவள் அழுகிறவள் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.]

"கிருமியோட பேரு ஒண்ணுதான்க்கா. வம்சமும் ஒண்ணான்னு மரபணுவப் பாத்தாத்தான் தெரியும்."

"சீக்கிரம் பாரும்மா. இந்தக் கோடைல விக்கலேன்னா தெப்பம் கைய விட்டுப் போயிடும்."

உஷியா ரொசெந்தோவின் சமையலறைக்குப் போனாள்.

"வெந்த நண்ட எதுல ஆறவெச்சீங்க?"

"இதென்ன கேள்வி? துறைமுகத்துல ஒரு வாளி கடல்தண்ணி மொண்டு, அதுல முக்கினேன். கடல் ருசி வேற எப்படி வரும்? எங்கப்பாவும் அப்படித்தான்."*

அவள் துறைமுகத்துத் தண்ணீரையும் ஒரு புட்டியில் பிடித்துப் போனாள்.

*ஊரே அப்படித்தான் செய்யும். ஆனால் இந்தக் கோடையில் கடல் வெதுவெதுப்பாகக் கிடந்தது. கிருமிகளுக்கு அது கொண்டாட்டம்.

3

மீன் ஏலக் கொட்டகையில் உஷியா முடிவைச் சொன்னாள். நோயாளிகளின் கிருமியும் துறைமுகத் தண்ணீரின் கிருமியும் மரபணுவில் உடன்பிறப்புகள். சிப்பியில் இருந்தது வேறு குடும்பம். நோய் தரும் மரபணுவே அதற்குக் கிடையாது.

தடை நீங்கியது. துறைமுகத்துப் படகுகள் எல்லாம் சங்கு ஊதின. (பழுதாகி நின்ற ஒன்றைத் தவிர. அதையும் ஊதவைக்க ஆசைதான்.)

4

முடிவு ஒன்று: சபேலா ரொசெந்தோவைக் கிழிகிழியென்று கிழிக்கிறாள். எனக்குப் பிடித்த முடிவு. நடக்கவில்லை.

அவள் துறைமுகத்திலேயே அடுப்பு மூட்டிப் பெரிய பானையில் சிப்பி வேகவைத்தாள். ஆவி பறக்கும் முதல் தட்டை ரொசெந்தோவிடம் நீட்டினாள்.

"ஆறவெக்க வாளியத் தேடாதீங்கண்ணே. ஊதித் தின்னுங்க."

துறைமுகமே சிரித்தது. அவர் கை மெல்ல உயர்ந்தது. தட்டை...

அந்தக் கையை அங்கேயே நிறுத்தியிருக்கிறேன். வாங்கினாரா, தட்டிவிட்டாரா, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். சபேலா பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அவருக்கு நீட்டிய தட்டை அப்படியே என் கையில் திணித்துவிட்டு, படகை அவிழ்த்துத் தன் தெப்பத்துக்குப் போய்விட்டாள்.