சீட்டு வராத சைக்கிள்

விமான நிலையத்தின் பெல்ட்டில் கடைசிப் பெட்டியும் போய்விட்டது. அவனுடைய நீலப் பெட்டியை மட்டும் காணோம். சைக்கிள் இருந்த அட்டைப்பெட்டியோ ஒரு கீறல் இல்லாமல் சுவரில் சாய்ந்து நின்றது.

மறுநாள் காலை தங்கச்சிக்குப் பந்தயம். அவள் சைக்கிள் விரிசல் விட்டுப்போனதும், "என்னோடத கொண்டு வரேன், கவலைப்படாத குள்ளி" என்று போனில் வீராப்பாகச் சொன்னவன் அவன்தான்.

புறப்படும்போது எடை போட்ட இடத்தில் அட்டைப்பெட்டி கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. பதறிப்போய் டேப்பைப் பிரித்தான். சீட்டை அதன் தண்டோடு உருவி நீலப் பெட்டிக்குள் திணித்தான்.

"தம்பி, அதக் கையிலயே வச்சுக்கலாமே. கேட்டுப் பாருங்க" என்றார் பின்னால் நின்றவர்.

கேட்க நாக்கு எழவில்லை. என்ன தடி இது, எதற்கு என்று குடைந்துவிட்டால்? வெளிநாட்டில் பிழைக்கிறவனுக்கு யூனிஃபார்ம் போட்டவர்கள் வாயைத் திறந்தாலே உதறல்.

வெளியே தங்கச்சி ஓடி வந்து அட்டைப்பெட்டியைத் தடவினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னான்.

"பெட்டி எப்ப வருமாம்?"

"வரும்னு சொன்னாங்க."

"வரும்னு எனக்கும் தெரியும்ணா. எப்ப?"

வீட்டுக்குப் போகும் வழியிலேயே சைக்கிள் கடையில் இறங்கினார்கள். கடைக்காரர் சீட் தண்டு செருகும் குழாயின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது தட்டையா இருக்கும்மா. இந்த வண்டிக்குன்னே செஞ்ச தண்டு. என்கிட்ட இருக்கறது எல்லாம் உருண்டை."

"வேற யார்கிட்டயாவது வண்டி கேட்டா?" என்றான் அவன்.

"பந்தயத்துக்கு மொத நாள் எவ குடுப்பா?" என்றாள் தங்கச்சி.

வீட்டில் அப்பா விமான கம்பெனிக்குப் போன் போட்டுக் காதில் வைத்தபடியே உலாத்தினார். "பாட்டு நல்லாத்தான் போடறான். ஆளுதான் வரமாட்டேங்கறான்."

"சீட்ட விட்டுட்டு சைக்கிளக் கொண்டாந்த ஒரே ஆளு எம்புள்ளதான்" என்றாள் அம்மா. தங்கச்சி சிரிப்பாள் என்று நினைத்திருப்பாள். அவள் சிரிக்கவில்லை.

பந்தயத்துக்கு அவள் போகத்தான் செய்தாள், கூட்டாளிகளுக்குத் தண்ணீர் கொடுக்க. ஒவ்வொருத்தி கடக்கும்போதும் தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்தில் நின்ற அவனுக்கு ஒவ்வொரு கத்தலும் சுருக்கென்றது. எடை போட்ட இடத்தில் கேட்டிருந்தால் என்ன, அதிகபட்சம் முடியாது என்றிருப்பார்கள். அவ்வளவுதானே.

அவர்கள் திரும்பி வந்தபோது நீலப் பெட்டி வாசலில் இருந்தது. அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தாள்.

அவன் சட்டையைக்கூட மாற்றாமல் சீட்டை மாட்டி, அவள் உயரத்துக்கு இறக்கி, திருகி இறுக்கினான். "ஏறிப் பாரு குள்ளி."

ஏறினாள். ஒரு மிதி மிதித்ததும் முழங்கால் வயிற்றில் வந்து இடித்தது. இறங்கிவிட்டாள்.

"இது நீ வெளிநாட்டுக்குப் போனப்ப நான் இருந்த உயரம்ணா."

அவன் கையிலிருந்த திருகு சாவியை வாங்கி அவளே சீட்டை உயர்த்தினாள். தன் உயரத்துக்கு அடையாளமாக அவன் முன்பே தண்டில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தான். அந்த உயரத்துக்கு ஒரு விரல் குறைவாக வந்ததும்தான் நிறுத்தினாள்.

வந்ததிலிருந்து பெல்ட்டைப் பார்த்தான், போனைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். அவளை இப்போதுதான் பார்த்தான். அவன் தோளைத் தாண்டி வளர்ந்திருந்தாள்.