மூன்றாவது கட்டம்

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் நாத்தனார் செல்லக்கனி அடுப்படிக்குள் போய், சோற்றுப் பானையின் மூடியைத் தள்ளிக் கையை விட்டு நாலு பருக்கை எடுத்து வந்தாள். கரண்டி பக்கத்திலேயே கிடந்தது. அப்போதுதான் பால்கோவாவைப் பிட்டுத் தின்ற கை, கழுவவும் இல்லை. நெய்ப் பிசுக்கு விரலில் மினுங்கியது. அந்தப் பருக்கைகளை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கி, தன் மகன் வல்லரசின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்குப் பின்னால் அப்பி, என் மகளுடைய ஹாஸ்டல் விண்ணப்பத்தில் மூன்றாவது கட்டத்தின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். மிச்சமிருந்த பசையை என் வீட்டு ஜமுக்காளத்தில் துடைத்தாள்.

"கோந்து வாங்கப் போன ஆளு எப்ப வாரது, நாம எப்ப ஒட்டுறது" என்று சிரித்துக்கொண்டாள்.

அந்த விண்ணப்பத்தில் மூன்றே கட்டங்கள். பிள்ளையைப் பார்க்க வருகிறவர்களின் போட்டோவை அதில் ஒட்டி, கீழே பெயரும் உறவும் எழுத வேண்டும். அந்த மூன்று பேர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரலாம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டும் போகலாம். வேறு யார் போய் நின்றாலும் கேட்டைத் திறக்க மாட்டார்களாம். முதல் கட்டத்தில் என் வீட்டுக்காரர் மாரிச்சாமி, இரண்டாவதில் நான், இரண்டும் அவர் வேலை பார்க்கிற இடத்தில் ஸ்டேப்ளர் அடித்துக் கொண்டுவந்தது. மூன்றாவதை என்ன செய்வது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. மதினி செல்லக்கனி தன் வீட்டிலிருந்து கிளம்பும்போதே யோசித்து, போட்டோவைப் பர்ஸில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

வல்லரசு கோயம்புத்தூரில் போலீஸ் வேலையில் இருக்கிறான். என் மகள் வெங்கடேஸ்வரிக்கு நர்சிங் சீட்டு கிடைத்ததும் அதே கோயம்புத்தூரில். இதை யாரோ தாம்பாளத்தில் வைத்துத் தன்னிடம் கொடுத்த மாதிரிதான் மதினி பேசினாள். போலீஸ்காரன் முகம் கேட்டில் இருந்தால் ஒரு பயல் அந்தப் பக்கம் திரும்ப மாட்டான், மூன்று வருஷப் படிப்பு முடிந்ததும் மற்றதைப் பேசிக்கொள்ளலாம் என்றாள். மற்றது என்ன என்று இந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் தெரியாதவர் கிடையாது. என் மகள் பிறந்த பதினாறாம் நாளே தொட்டிலை எட்டிப் பார்த்து, "எம் மருமவ" என்றவள் அவள்.

வல்லரசு கட்டிலில் சாய்ந்திருந்தான். கீழே என் வீட்டுக்காரருடைய பழைய பட்டாளத்து டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. அதன் விளிம்பில் அவன் ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தான். என் மகள் துணி வைக்கப்போகிற பெட்டியில் அவன் குதிகால், அதில் வெடிப்பு, வெடிப்புக்குள் கறுப்பு. மாங்காய் நார் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டதாம், தீக்குச்சியால் நோண்டி நோண்டி எடுத்து, ஒரு தரம் பார்த்துவிட்டு, என் தரையில் சுண்டினான். வந்ததிலிருந்து இந்த இரண்டு பேரையும் சகித்துக்கொண்டிருப்பதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. சுட்ட பணியாரத்தை வாயில் போட்டபடியே மதினி என் மகளுடைய துணி அடுக்கைப் புரட்டினாள். உள்பாடியை எடுத்து உதறி, "இதுக்கெல்லாமா பேரு எழுதியிருக்கான் எந் தம்பி" என்று மகன் முன்னால் தூக்கிக் காட்டினாள். என் மகள் ஈஸ்வரி எழுந்து வந்து அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள்.

பெயர் எழுதுவது என் வீட்டுக்காரருடைய பழக்கம். பதினெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், இப்போது ராஜபாளையத்தில் ஒரு மில்லில் செக்யூரிட்டி. ஹாஸ்டல் லிஸ்ட் வந்த அன்றே ஜமுக்காளத்தை விரித்து எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பிவிட்டார். வாளி, மக், தட்டு, டம்ளர், இரண்டு பூட்டு, கொடிக்கயிறு. துணிகளை மடிக்கக் கூடாது, சுருட்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் அழியாத மையில் எம். வெங்கடேஸ்வரி. பேர் இல்லாத சாமான் அடுத்தவன் சாமான் என்பது அவருடைய சட்டம். சோப்பு டப்பாவின் அடியில்கூட எழுதி, காய்ந்ததா என்று ஊதிப் பார்த்தார். அந்த மனுஷனைத்தான் மூன்றாவது போட்டோவை ஒட்டக் கோந்து வாங்க அனுப்பியிருந்தோம். சேக் முகைதீன் கடைக்குப் போனால் பேச்சில் உட்கார்ந்துவிடுவார்.

வல்லரசு குனிந்து, சுருட்டி வைத்திருந்த ஜீன்ஸ் பேண்டை எடுத்தான். விரித்துப் பார்த்துவிட்டுக் கட்டிலின் மூலையில் எறிந்தான்.

"படிக்கப் போற எடத்துல இதெல்லாம் எதுக்கு அத்தை? ஞாயித்துக்கெழமை வந்து பாப்பேன். போட்டிருந்தா அங்கயே பேசிக்கிடுதேன்."

மதினிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஈஸ்வரி சுவரைப் பார்த்து உட்கார்ந்து துண்டைச் சுருட்டினாள். சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினாள்.

பிறகு தாயும் மகனும் ஆண்டாள் கோயிலுக்குக் கிளம்பினார்கள். பிள்ளை பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு செத்த நேரத்தில் வருவதாகச் சொல்லிப் போனார்கள். கதவு சாத்தியதும் ஈஸ்வரி, முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"அவரு போட்டோ அதுல இருந்தா நான் போகலம்மா."

கிறுக்குத்தனமாகப் பேசாதே, இந்தச் சீட்டு கிடைக்க எம்புட்டு அலைந்தோம், நாளைக் காலையில் பஸ் என்று நான் அடுக்கினேன். அவள் கடைசி வரை கேட்டாள்.

"அங்க போயும் வாரத்துக்கு ஒருக்க அவரு முன்னால போயி நிக்கவா? அதுக்கு இங்கயே கெடக்கேன்." அப்புறம் துண்டைப் பெட்டிக்குள் வைத்தாள். "அன்னைக்கி நீயுந்தான சிரிச்ச."

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எல்லாருமாக அய்யனார் கோவில் அருவிக்குப் போயிருந்தோம். ஈஸ்வரியோடு படிக்கிற பையன் ஒருத்தன் அவன் வீட்டாரோடு வந்திருந்தான். பாறை ஓரமாக நின்று இரண்டு பேரும் பரீட்சை மார்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், எனக்கே காதில் விழுந்தது. வல்லரசு நேரே போய் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். கையிலிருந்த போனைப் பிடுங்கித் தண்ணீரில் வீசினான். அவ்வளவு கூட்டத்தில். மதினி கைதட்டி, "மொறைக்காரன்னா ரோசம் இருக்கத்தான செய்யும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரித்தார். நான் புளியோதரைச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துவிட்டு முதல் தட்டை அவனுக்குத்தான் போட்டேன். என் பிள்ளை கன்னத்தில் விரல் தடம் பதிந்து நிற்க, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று அவனைக் கேட்டேன்.

காலையிலிருந்து மதினியின் விரலையும் அவன் குதிகாலையும் பார்த்து அருவருத்துக்கொண்டிருந்தேன். அதைவிட அசிங்கம் அந்தச் சிரிப்பு. இத்தனை நாளாக என் மகள் அதை மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் விண்ணப்பத்தை எடுத்து மடியில் வைத்தேன். விரலைத் தண்ணீரில் நனைத்து போட்டோவின் ஓரத்தில் தடவினேன். சோறு ஊறி வழவழத்தது. நகத்தைக் கொடுத்து நெம்பினேன். நகத்துக்குள் அந்தப் பசை ஏறியது, பால்கோவா நெய்யும் சோறும் கலந்த ஒரு வாடை. ஆனாலும் நிறுத்தவில்லை. ஒரு மூலை கிளம்பியது. இழுத்தபோது மீசை வரைக்கும் வந்து, காகிதத்தின் மேல்தோலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு முழுதாக வந்துவிட்டது. போட்டோ தரையில் குப்புற விழுந்தது. கட்டம் வெள்ளை வெள்ளையாக உரிந்து போயிருந்தது. ஈஸ்வரி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கோந்துப் புட்டியோடு அவர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"என்னட்டி இது? அக்கா ஒட்டுனதா?"

"ஆமா. நாந்தான் பிச்சேன்."

"அவிய கோயில்லருந்து வந்து கேட்டா என்ன சொல்ல?"

"நான் சொல்லிக்கிடுதேன். அந்தக் கட்டம் காலியாவே இருக்கட்டும்."

அக்கா மனசு கஷ்டப்படும் என்றார். நம்ம பையன்தானே, பிள்ளைக்கு வெளியூரில் ஒரு துணை என்றார். எனக்கு வழக்கமாக இந்த இடத்தில் வாய் அடைத்துவிடும்.

"அவன் பிள்ளையை அடிச்சான். நாம சிரிச்சோம். எனக்கு நெனைக்கவே நாறுது."

அவர் கோந்துப் புட்டியை எங்கே வைப்பது என்று தெரியாதவரைப் போல அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கன்னத்துச் சதை ஒரு தரம் அசைந்தது. அவருக்கும் அந்த அருவிச் சத்தம் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். கேட்காமலும் இருந்திருக்கலாம். அக்கா என்றால் அவருக்கு இன்னும் பயம்தான்.

ஈஸ்வரி எழுந்து கட்டிலின் மூலையில் கிடந்த ஜீன்ஸை எடுத்தாள். உதறி, சின்ன வயதிலிருந்து அவர் கற்றுக்கொடுத்த மாதிரியே இறுக்கமாகச் சுருட்டி, இடுப்புப் பட்டி மேலே தெரியும்படி அவர் முன்னால் நீட்டினாள்.

"அப்பா, இதுல மட்டும் பேரு எழுதல."

அவர் கோந்தை ஜன்னலில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து மைப்பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். பேனா முனை துணிக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. எழுதுவாரா என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன், அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே நடைக்கல்லில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. மதினி யாரிடமோ, அர்ச்சனை நன்றாக நடந்தது, மருமகள் பெயரையும் மகன் பெயரையும் சேர்த்தே சொல்லச் சொன்னேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நகத்தைக் கழுவ எழுந்திருக்கலாம். தரையில் கிடப்பதைப் பொறுக்கி மதினியிடம் நீட்டி, சோற்றுப் பசை சரியாகப் பிடிக்கவில்லை என்று ஒரு பொய்யும் சொல்லலாம். இரண்டுக்கும் நேரம் இருந்தது.

சுவரோரத்து விரிசலிலிருந்து எறும்புகள் வந்திருந்தன. குப்புறக் கிடந்த போட்டோவின் முதுகிலிருந்து சோற்றைத் துணுக்குத் துணுக்காகப் பிய்த்துக்கொண்டு போயின. நான் விண்ணப்பத்தை மடியில் விரித்து, உரிந்த கட்டம் வாசலுக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, பெட்டியின் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.