உம்ம்மென்று ஒரு சத்தம்

அவர் பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க எஞ்சின் இரைச்சலோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவருக்கு, வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து நாலு பாட்டாவது நிம்மதியாகக் கேட்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஒருவழியாக ஆம்ப்ளிஃபயரும் இடுப்புயர ஸ்பீக்கர்களும் வாங்கிக் கூடத்தில் வைத்தார். காது மந்தமான அப்பாவுக்குச் செய்தியும் தெளிவாகக் கேட்கட்டும் என்று டி.வி.யையும் அதில் இணைத்தார். சுவிட்சைத் தட்டியதும் பாட்டுக்கு முன்னால் 'உம்ம்' என்று ஒரு சத்தம் வந்தது. பாட்டு தொடங்கிய பிறகும் அது போகவில்லை.

அப்பாவுக்கு அது கேட்கவே இல்லை. மகனுக்கோ அதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. ஒயர்களை மாற்றினார். ஸ்பீக்கர்களை இடம் மாற்றினார். மோட்டார் எதுவோ இரைகிறது என்று ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, திரும்பப் போட மறந்தார். பால் திரிந்தது. மின்விசிறிகளையும் நிறுத்திவிட்டு வியர்க்க விறுவிறுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பள்ளியில் கணக்குச் சொல்லித்தரும் மனைவி, திருத்த வேண்டிய விடைத்தாள்களோடு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். கடைசியில் ஆம்ப்ளிஃபயரைக் கடைக்கே தூக்கிப் போனார். அங்கே அது சமர்த்தாகப் பாடியது. கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மறுபடி வீட்டுக்குச் சுமந்து வந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். மாட்டியதும் உம்ம்.

மனைவியின் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை வந்தவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிரித்தார். அதிலிருந்து ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு மூடினார். சத்தம் சட்டென்று நின்றது.

"மச்சான், தெய்வம் நீங்க" என்றார் ஓட்டுநர்.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, எந்த ஒயர் அது என்று கேட்டாள். எர்த் ஒயர்தான், எத்தனையோ வீட்டில் இப்படித்தான் ஓடுகிறது, ஒன்றும் ஆகாது என்றார் அண்ணன்.

"நீ பாக்குற லிஃப்ட்ல இப்படிக் கழட்டி விடுவியாண்ணே?"

அண்ணன் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைக்கப் போனார்.

"மாமா ஈரக் கையோட வந்து அந்தப் பெட்டியத் தொடுவாரு. முதல்ல மாட்டு அதை."

மாட்டினார். உம்ம் திரும்பி வந்தது. ஓட்டுநர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். இத்தனை நாளும் தன்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தவள், தீர்வு கிடைத்ததும் அதையும் கெடுத்துவிட்டாள் என்று மச்சானிடம் பொருமினார். அது அவள் காதில் விழுந்தது.

கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். ஆம்ப்ளிஃபயரை அணைக்கச் சொல்லி, அதன் பின்னால் இருந்த ஒயர்களை எல்லாம் உருவினாள். ஸ்பீக்கர்களை மட்டும் மாட்டிப் போடச் சொன்னாள். சத்தம் இல்லை. ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வந்தாள். பாட்டு வரும் ஒயரை மாட்டியபோதும் சத்தம் இல்லை. டி.வி.யின் ஒயரை மாட்டியதும் உம்ம். பிறகு டி.வி.யின் முதுகில் திருகியிருந்த கேபிள் ஒயரைக் கழற்றினாள். வீடே அமைதியானது.

அண்ணனுக்கு அப்போதுதான் விளங்கியது. தெருவிலிருந்து வரும் கேபிளுக்கு வேறெங்கோ எர்த், வீட்டு மின்சாரத்துக்கு வேறு எர்த், இரண்டும் ஆம்ப்ளிஃபயரில் வந்து ஒட்டிக்கொள்வதால்தான் இந்த ரகளை என்றார். கேபிளின் நடுவே ஒரு சின்னத் தடுப்பான் போட்டால் போதும், படம் வரும், இரைச்சல் வராது.

"ஒரு வாரமா வீட்டத் தலைகீழாக் கவுத்தீங்களே, இதை ஒரு தடவ கழட்டிப் பாக்கத் தோணலையா?" என்றாள் கணவனிடம்.

"கழட்டினா அப்பா செய்தி எங்கேன்னு கத்துவாரும்மா."

அதற்குள் அப்பா உள்ளறையிலிருந்து வந்து, செய்தி எங்கே என்று கத்த ஆரம்பித்திருந்தார்.

மச்சான் போய் விரல் நீளத் தடுப்பான் ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். அப்பா செய்தி பார்த்து முடிக்கும்வரை எல்லோரும் பொறுத்திருந்தார்கள். பிறகு ஓட்டுநர் நாற்காலியில் சாய்ந்து பாட்டைப் போட்டார். பாட்டைத் தவிர ஒரு முணுமுணுப்பும் இல்லை. முதல் சரணம் முடிவதற்குள் அவரிடமிருந்து குறட்டை வந்தது.

மனைவி அணைக்கத்தான் போனாள். கையைப் பெட்டிமேல் வைத்தபடி நின்று பாட்டை முழுக்கக் கேட்டாள். அடுத்ததையும் போட்டாள்.